முதலில் ஆர்.சி. புக், அப்புறம் ஸ்பேனர்

மும்பை திலக் நகர் ஸ்டேஷனை ஒட்டினாற்போல லோக்மான்ய திலக் டெர்மினஸ். கோயம்புத்தூர் ரயில் வந்து நின்றால் சில நாள் பார்சல் பெட்டியிலிருந்து சாக்கு சுற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று இறங்கும். ஊரில் திண்ணையோரம் வருஷக்கணக்காகக் கிடந்த அப்பாவின் புல்லட்டாக இருக்கும், அல்லது சித்தப்பாவின் யெஸ்டி. 'லீவு நாளில் நானே பிரித்து மாட்டிவிடுவேன்' என்று மகன் சொசைட்டிக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். பாயிண்ட் செட்டும் கார்புரேட்டர் கிட்டும் தேடினால் கிடைத்துவிடும். கெட்டுப்போன காகிதத்துக்குத்தான் உதிரிபாகம் கிடையாது. மினுமினுக்கும் வண்டி ரோட்டில் இறங்க முடியாமல் கவர் போட்டு நிற்பது பெரும்பாலும் அதனால்தான்.

ரயிலில் ஏற்றும்போது

டேங்கில் பெட்ரோல் துளியும் இருக்கக் கூடாது. ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும். வண்டியின் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தைக் கட்டுங்கள். கட்டாவிட்டால், சேதம் ஆனாலும் காணாமல் போனாலும் இழப்பீடு ஒரு வரம்பைத் தாண்டாது (ரயில்வே சட்டம் 1989, பிரிவு 103). டேங்க் நசுங்கி வந்தால், கையெழுத்துப் போட்டு எடுப்பதற்கு முன்பே சேதத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கோரிக்கையை ஆறு மாதத்துக்குள் ரயில்வேக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். தீராவிட்டால் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம் இருக்கிறது.

வண்டி யார் பேரில்?

அப்பா காலமாகிவிட்டால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 வழியாக வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. பத்து வருஷம் கழித்துச் செய்யப் போனால் வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தோர் சம்மதம் என்று அலைச்சல் கூடும். ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, படிவம் 26-இல் நகல் கேளுங்கள்.

தமிழ்நாட்டு எண்ணோடு மகாராஷ்டிரத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் இங்கே புது எண் வாங்கியாக வேண்டும். அதற்கு ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி. வேண்டும். செம்பூர், திலக் நகர்க்காரர்களுக்கு வடாலா ஆர்.டி.ஓ., எம்.எச்.-03. என்.ஓ.சி. கைக்கு வரும் முன் இன்ஜினைப் பிரிக்காதீர்கள்.

15 வருஷம் ஆனால் உடைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 15 வருஷப் பெட்ரோல் வண்டிக்கு எதிரான கெடுபிடி டெல்லியையும் அதன் சுற்றுப் பகுதிகளையும் பற்றியது. இங்கே ஆய்வுக்கு நிறுத்தி, தகுதி இருந்தால் ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம், படிவம் 25. மாநிலத்தின் பசுமை வரி தனி.

50 வருஷம் தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 2021 விதிகளில் 'விண்டேஜ்' பதிவு உண்டு. கட்டணம் ரூ.20,000, பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாமே தவிர, தினம் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. அன்றாடம் ஓட்ட நினைப்பவருக்குச் சாதாரணப் புதுப்பித்தலே சரி.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே வகைப் பாகத்தை மாட்டுவது பழுதுபார்ப்பு. சேசிஸை அறுத்து நீட்டுவதும் வேறு இன்ஜினைப் பொருத்துவதும் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52, உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஜினையோ நிறத்தையோ மாற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் ஆர்.டி.ஓ.வைக் கேளுங்கள்.

பெயின்ட் அடிப்பவரிடம் மறக்காமல் ஒன்று சொல்லுங்கள்: சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், தடித்த பூச்சால் மூடவும் வேண்டாம். எண் மங்கினால், திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் உங்கள் தலையில் விழும்.

குர்லாவிலோ சோர் பஜாரிலோ எண் பொறித்த இன்ஜின் மலிவாகக் கிடைத்தால் பில் கேளுங்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-இன்படி மூன்று வருஷம் வரை சிறை.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

2018 டிசம்பர் 27 அன்று திலக் நகர் 'சர்கம்' அடுக்ககத்தில் பிடித்த தீயில் ஐந்து பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். அதற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மாடிக் கட்டடத்தில் தீ என்றால் என்ன என்பதை இந்தப் பகுதி மறக்காது. கழற்றிய டேங்கையும் தின்னர் டப்பாவையும் படிக்கட்டிலோ பால்கனியிலோ வைக்கிறவர் மேல்மாடித் தாத்தா பாட்டியையும் நினைக்க வேண்டும். விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்பது சட்டம். அடுக்ககத்துக்கு அரை லிட்டரே அதிகம். தண்ணீர் பாட்டிலில் வாங்கவே வாங்காதீர்கள். ஓட்டை டேங்கை வீட்டில் வெல்டிங் செய்ய முயலாதீர்கள்: காலி டேங்கில் தங்கும் ஆவி வெடிக்கும்.

பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். டிரம்மில் உள்ள தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் விட்டு, முகக்கவசம் போட்டுத் தேயுங்கள். குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். கழித்த ஆயிலை நாலாவில் ஊற்றுவது குற்றம். சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். சைலன்சர் இல்லாமல் இன்ஜினைச் சோதிக்காதீர்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி வரம்பு 45 டெசிபல்தான்.

மெக்கானிக் இழுத்தடித்தால்

வேலை, பாகம், கூலி, முடிக்கும் தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கொடுக்கும்போதே இன்ஜின் எண்ணையும் பாகங்களையும் போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். முன்பணம் வாங்கிவிட்டு முடிக்காவிட்டாலோ, அசல் பாகத்தை மாற்றிவிட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களுக்குச் சாட்சி அந்தத் தாளும் போட்டோவும்தான்.

வண்டி ஓடத் தொடங்கியதும் மூன்றாம் நபர் காப்பீடும் புகைச் சான்றும் எடுக்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள். காப்பீடு இல்லையென்றால் முதல் முறை ரூ.2,000 அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்தில் ஒருவர் அடிபட்டாலோ, இழப்பீடு முழுவதையும் உங்கள் கையிலிருந்து கொடுக்க நேரும்.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுக்க வேண்டாம். ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்து, சேசிஸ் எண் இருக்கும் இடத்தைத் துடையுங்கள். ஆர்.சி. புக்கை விரித்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் அப்பாவின் வண்டியில் பாதி வேலை முடிந்தது.