கைப்பக்குவம் – 9: அடுப்படியை விட்டுப் புறப்பட்டவர்கள்

போலகத்திலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ஒரு சமையல் கதை எதிர்ப்படும். வடமேற்கே திருநள்ளாறு. சனியின் பிடியிலிருந்து நளன் விடுபட்ட தலம் என்று நாடே திரண்டு வந்து நள தீர்த்தத்தில் முழுகுகிறது. 'நளபாகம்' என்று நாம் வாய் நிறையச் சொல்வது அந்த நளனின் சமையலைத்தான். வடக்கே காரைக்கால். பசியோடு வந்த சிவனடியாருக்குக் கறியமுது தயாராகவில்லையே என்று தவிக்காமல், கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனியை இலையில் வைத்துச் சோறிட்ட புனிதவதியின் ஊர். இன்றும் ஆனிப் பௌர்ணமியில் அங்கே மாங்கனித் திருவிழா. போலகம் அடங்கியிருக்கும் திருமலைராயன்பட்டினம் கொம்யூனிலேயே மூன்றாவது கதை இருக்கிறது: திருவரங்கத்து மடைப்பள்ளியில் பரிசாரகம் செய்து, பிறகு கவியாகி இந்த ஊருக்கு வந்த காளமேகம்.

இத்தனை சிறிய வட்டாரத்தில் இப்படி மூன்று பேர் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நளன் கதையில் ஒரு கட்டம் உண்டு. நாடிழந்து, கார்க்கோடகன் தீண்டி உருமாறி, பாகுகன் என்ற பெயரில் அயோத்தி அரசன் இருதுபன்னனிடம் வேலைக்குச் சேர்கிறான். தேரும் ஓட்டுவான், சமைக்கவும் செய்வான். இவன் யாரென்று அறிய மனைவி தமயந்தி தோழி கேசினியை அனுப்புகிறாள். கேசினி வந்து சொல்கிறாள்: வெறும் பாத்திரத்தை அவன் பார்த்தான், தண்ணீர் நிறைந்தது, ஒரு பிடி புல்லைக் கையில் எடுத்தான், தீப்பற்றியது. இவ்வளவு கேட்டும் தமயந்திக்கு உறுதிப்படவில்லை. அவன் சமைத்த கறியில் ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லி வாயில் போட்ட பிறகுதான் இவன் நளன் என்று தெளிகிறாள். நீரும் நெருப்பும் வருணனும் அக்கினியும் தந்த வரங்கள். சோற்றில் சுவை சேர்க்கும் வரத்தைத் தந்தவன் யமன் என்கிறது மகாபாரதம். உருவம் போனாலும் பெயர் போனாலும் கைப்பக்குவம் மட்டும் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. சமையற்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தக் கதையும் செய்ததாக நான் படித்ததில்லை.

காளமேகத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 15ஆம் நூற்றாண்டு. வரதன் என்ற இளைஞன் திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்க்கிறான். திருவானைக்காவில் ஆடும் மோகனாங்கியிடம் மனம் பறிகொடுத்துச் சைவனாகிறான். அகிலாண்டேசுவரி வாயில் இட்ட தாம்பூலத்தால் கவியானான் என்பது ஐதிகம். திருமலைராயன் அவைக்கு வந்தவனை அதிமதுர கவியும் அவரைச் சூழ்ந்த புலவர்களும் மடக்கப் பார்க்க, யமகண்டம் பாடச் சம்மதிக்கிறான். கீழே கொப்பரையில் எண்ணெய் கொதிக்க, மேலே தொங்கும் உறியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் பாட வேண்டும். வென்றான். வென்றும் மன்னன் மதிக்காததால் ஊரே மண்மாரியில் அழியட்டும் என்று சபித்துவிட்டுப் போனான் என்று முடிகிறது கதை.

ஆசுகவி என்றால் அப்போதைக்கப்போது பாடுவது. மடைப்பள்ளியில் இளமையைக் கழித்தவனுக்கு அந்த வேகம் வாய்த்ததில் எனக்கு வியப்பில்லை. காலசந்திக்கு வேண்டிய பிரசாதம் காலசந்திக்கு வந்தாக வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று சொல்ல அடுப்படியில் இடமே இல்லை. நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானதற்கு அவர் பாடிய வசை ஊரறிந்தது. வந்தவரை இலை முன்னால் காக்க வைப்பது எத்தனை பெரிய குற்றம் என்று சமைத்துப் பார்த்தவருக்குத்தான் அவ்வளவு கோபமாகத் தெரியும்.

இந்த மூன்று பேரிலும் ஒன்று பொது. மூவருக்கும் பெருமை வந்தது அடுப்படியை விட்டுப் போன பிறகுதான். நளன் மீண்டும் அரசனானான். புனிதவதி அம்மையாகித் திருவாலங்காடு சென்றார். வரதன் காளமேகமானான். சமையலிலேயே இருந்து, சமையலாலேயே பெயர் பெற்று, சமையற்காரராகவே வாழ்ந்து முடிந்தவர் ஒருவரும் இந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு அது உறுத்துகிறது. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் நிலைமை அப்படியேதான் இருக்கிறது.

கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவர் சாமான் லிஸ்ட் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டார் சொல்கிற ஆள் கணக்கை அவர் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். பெண் எந்த ஊர், மாப்பிள்ளை எந்த ஊர், மண்டபம் பஸ் ரோட்டிலா உள்ளேயா, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, அன்றைக்கு ஊரில் வேறு கல்யாணம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் டிபன் பந்தி பெரிது. பத்தரை மணி என்றால் சாப்பாட்டுப் பந்தி பெரிது. பிறகு அரிசி. மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பார், இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பார். புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும். அந்தக் கடியிலேயே உலைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது முடிவாகிவிடும்.

நினைத்ததைவிடக் கூட்டம் கூடிவிட்டால் சாம்பாரில் தண்ணீர் விட்டுச் சமாளிப்பவரை எங்கள் ஊரில் மாஸ்டர் என்று சொல்ல மாட்டார்கள். நல்ல மாஸ்டர் வெந்த பருப்பில் ஒரு பங்கையும் புளிக்கரைசலில் ஒரு பங்கையும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருப்பார். நறுக்கி மிஞ்சிய வாழைக்காய், பூசணி, கேரட், பீன்ஸ் எல்லாம் மூன்றாம் பந்திக்குள் அவியலாகி இலைக்கு வந்துவிடும். லிஸ்டில் இல்லாத பதார்த்தம் அது. சாப்பிட்டு எழுந்தவர்கள் அதைத்தான் கேட்டு விசாரிப்பார்கள். படைப்பாற்றல் என்று பெரிய மேடைகளில் பேசப்படுவது இதுதான். இங்கே அதற்கு யாரும் அந்தப் பெயரை வைப்பதில்லை.

காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வீட்டு விசேஷங்களில் இதே பொறுப்பு பண்டாரிக்கு. தேக்சாவில் சீரகச் சம்பா, கிலோ அரிசிக்குக் கிலோ கறி, விறகடுப்பு. தம் போடுகிற நேரத்தில் அடுப்பிலிருந்து விறகை இழுப்பதும் மூடியின்மேல் தணலை வாரிப் போடுவதும் ஒருவர் கண்ணசைவில் நடக்கும். ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, புதினா, கடைசியில் தேங்காய்ப்பால். மதியத்துக்கு மேல் அடுப்பு மூட்டி, அஸர் தொழுகை நேரத்துக்குள் தூக்குவாளியோடு நிற்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஊற்றியாக வேண்டும். காய்ச்சுகிறவர் நோன்பாளி. தேவையென்றால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கம் இடம் கொடுத்தாலும் பலர் அதையும் செய்வதில்லை. கொதி வாசத்திலேயே உப்பைக் கண்டுகொள்கிறார்கள். சற்றுத் தள்ளிக் கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகரும் நிவேதனம் ஆகும்வரை வாயில் வைப்பதில்லை. சுவைத்துப் பார்க்காமலே சுவையைப் பிடிக்கும் இந்தப் பயிற்சியை இரண்டு மதத்துச் சமையற்காரர்களும் ஒரே கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்திருக்கிறார்கள். இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

இவர்களுக்கு ஏணி என்று ஒன்று இருக்கிறதா? ஓட்டல் அடுப்படியில் இருக்கிறது. இலை எடுப்பதில் தொடங்கி, பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கி, மாவாட்டி, தோசைக் கல்லுக்கு வந்து, கடைசியில் சரக்கு மாஸ்டராவது. பிரெஞ்சுச் சமையல் மேதை எஸ்கோஃபியே ஓட்டல் அடுப்படியைப் பிரிவு பிரிவாக ஒழுங்குபடுத்தினார் என்று கேட்டரிங் மாணவர்கள் படிக்கிறார்கள். நம் ஓட்டல்களிலும் சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், புரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர் என்று வேலை பிரிந்தே கிடக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே ஒவ்வொரு படிக்கும் சான்றிதழ் உண்டு, சம்பளக் கணக்கு உண்டு, அடுத்த படி எது என்று தெரியும். இங்கே ஒரு ஓட்டலை விட்டு இன்னொரு ஓட்டலுக்குப் போகும் மாஸ்டரிடம் அவர் கையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கல்யாணச் சமையலில் அந்த ஏணியும் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு எரியாது, வருமானமும் இருக்காது. நல்ல மாஸ்டர்களின் பிள்ளைகள் கரண்டியைத் தொடாமல் கேட்டரிங் டிப்ளமா படித்துக் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போனவர்களில் சிலர் எங்கே சென்று சேர்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் விஜய் குமார். பொறியியல் படிக்க ஆசை, பணம் இல்லை. திருச்சியில் ஓட்டல் மேலாண்மை படித்தார். சென்னை தாஜ் கன்னிமரா, பிறகு பயணிகள் கப்பல், பிறகு அமெரிக்கா. 2021இல் நியூயார்க்கில் திறந்த 'செம்மா' உணவகத்தின் சமையல் பொறுப்பு அவருடையது. 2022இல் மிஷலின் நட்சத்திரம். 2025 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞர் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது. வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறினார். அங்கே அவர் பரிமாறுவதில் பேர் வாங்கியது நத்தைப் பிரட்டல். வயலில் நத்தை பொறுக்கிச் சாப்பிட்டு வளர்ந்ததைச் சின்ன வயதில் வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர் அவர். எங்கள் பக்கத்திலும் மழைக்கால வயலில் நத்தை பொறுக்கிச் சமைக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்வதில்லை.

இன்னொருவர் இலங்கைத் தமிழர் தர்ஷன் செல்வராஜா. 2006இல் பிரான்ஸ் போனவர். பாரிஸின் இருபதாம் வட்டாரத்தில் ரொட்டிக்கடை. 2023இல் பாரிஸ் நகரத்தின் சிறந்த பாரம்பரிய பகெட் ரொட்டிக்கான பரிசு அவருக்கு. 4,000 யூரோவோடு, ஓராண்டுக்கு எலிசே மாளிகைக்கு, அதாவது பிரெஞ்சு அதிபர் வீட்டுக்கு, ரொட்டி கொடுக்கும் உரிமையும் கிடைத்தது. பாரம்பரிய பகெட்டை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் கொண்டே செய்ய வேண்டும், செயற்கைச் சேர்மானம் கூடாது என்பது 1993இலிருந்து அந்த நாட்டுச் சட்டம். நாலே பொருள். மிச்சமெல்லாம் புளிக்கவிடும் நேரமும் கையும் சூடும்தான். இட்லிக்கு மாவு புளிப்பதை வாசத்தில் அறிந்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான வித்தை இல்லை.

பிரான்ஸை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1739இல் தஞ்சை மராத்திய அரசர் சாகுஜியிடமிருந்து காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த காலம் போக, 1954 நவம்பர் 1 வரை இங்கே ஆண்டார்கள். அதே நாட்டில் 1924இலிருந்து தேர்ந்த கைவினைஞர்களுக்குத் தேசியப் பட்டம் இருக்கிறது. அதை வென்ற சமையற்காரர் நீலம், வெள்ளை, சிவப்புக் கழுத்துப்பட்டி வைத்த சட்டை அணிந்து சமைக்கலாம். 2002இல் கொண்டுவந்த சட்டப்படி, பள்ளி வாசலை மிதிக்காமல் வேலையில் கற்றவரும் தம் அனுபவத்தை மெய்ப்பித்து முறையான பட்டயம் பெறலாம். நம் நாட்டிலும் பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில் முன்பே கற்ற திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தர வழி இருக்கிறது. அந்த வழி போலகத்துப் பண்டாரி வரை, திருநள்ளாற்றுப் பரிசாரகர் வரை வந்து சேர வேண்டும். சோதிக்க வருகிறவர் கேள்வித்தாளோடு வராமல் நூறு பேர் பந்திக்கு வர வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சை அரண்மனைச் சமையல் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று எழுதி வைக்கப்பட்டு, சரஸ்வதி மகால் நூலகத்தால் அச்சேறியது. அரண்மனைச் சமையலுக்கு ஏடு கிடைத்தது. ஊர்ச் சமையலுக்கு இருக்கும் ஒரே ஏடு, மாஸ்டர் போட்டுக் கொடுக்கும் சாமான் லிஸ்ட். எந்த மாதம், எத்தனை பேர், எத்தனை பதார்த்தம், எவ்வளவு சரக்கு என்று ஒரு கல்யாணத்தின் முழுச் சமையலும் அந்த இரண்டு தாளில் இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் பந்தல்காரர் பில்லோடு அதுவும் குப்பைக்குப் போகிறது. உங்கள் வீட்டு விசேஷ லிஸ்ட் கிடைத்தால் எடுத்து வையுங்கள். அதன் தலைப்பில் தேதியையும், சமைத்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். மொய் நோட்டை முப்பது வருஷம் பத்திரப்படுத்தும் வீட்டில் இதற்கும் இடம் இருக்கும்.

இதுவரை சொன்ன மாஸ்டர், பண்டாரி, பரிசாரகர் எல்லோருமே ஆண்கள். வீட்டு வாசலில் வாணலி வைத்து இறால் வாடா சுட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த நாகூர், காரைக்கால் பெண்களின் கணக்கு வேறு. அடுத்த வாரம் அவர்களிடம் போவோம்.

(தொடரும்)