நாற்காலி சூடாவதற்குள்

'ஆறு இலக்கச் சம்பளத்தில் அரசு வேலை, அதுவும் லண்டனில்!' இப்படி ஒரு தொடர் போட்டால் இதழ் பறக்கும் என்று நினைத்து என் பங்குக்கு ஒரு பதவியைத் தள்ளிவிட்டார்கள். இங்கிலாந்து கவுன்சில்களின் குழந்தைகள் சேவை இயக்குநர், சுருக்கமாக டி.சி.எஸ். சம்பளம் பொய்யில்லை. ஆனால் வேலை விளம்பரங்களைப் புரட்டப் புரட்ட, பவுண்டுக் கணக்கைவிட வேறொரு சொல்தான் கண்ணை உறுத்தியது. 'இன்டரிம்'. சில மாதங்களுக்கு, நாள் சம்பளக் கணக்கில், ஏஜென்சி வழியாக வந்து உட்கார ஓர் இயக்குநர் தேவை.

நேர்காணல் சுவாரசியமானது. கவுன்சிலர்கள் நடத்துவது ஒரு சுற்று என்றால், பல ஊர்களில் பிள்ளைகள் நடத்துவது இன்னொரு சுற்று. பெற்றோரிடம் இருக்க முடியாமல் கவுன்சிலின் பொறுப்பில் வளரும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் மேசைக்கு அந்தப் பக்கம். கோட்டும் சூட்டுமாக அனுபவசாலி இந்தப் பக்கம். கேள்விகளைப் பிள்ளைகளே தயார் செய்துகொண்டு வருவார்கள். 'தொலைநோக்கு', 'ஒருங்கிணைப்பு' எல்லாம் அந்த மேசையில் விலைபோகாது. நாலு சமூகப் பணியாளர் மாறி, மூணு வீடு மாறி வந்த பிள்ளைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீங்களாவது எத்தனை நாள் இருப்பீங்க?

இந்தப் பதவியே ஒரு சாவிலிருந்து பிறந்தது. ஐவரி கோஸ்ட்டிலிருந்து அப்பாவின் அத்தையோடு லண்டன் வந்த எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில் இறந்தாள். உடலில் 128 காயங்கள். சமூகப் பணியாளர், போலீஸ், டாக்டர் என்று பலரும் அவளைப் பார்த்திருந்தார்கள்; அடுத்தவர் கவனிப்பார் என்று ஆளுக்கு ஆள் கைமாற்றியதுதான் மிச்சம். 2003இல் வந்த விசாரணை அறிக்கையில் 108 பரிந்துரைகள். அடுத்த வருடமே சட்டம் வந்தது. அதுவரை கல்விக்கு ஓர் அதிகாரி, சமூக சேவைக்கு ஓர் அதிகாரி. இனி பிள்ளை பள்ளியில் இருந்தாலும் ஆபத்தில் இருந்தாலும் பதில் சொல்ல ஒரே ஆள். அரசியல் பக்கம் துணைக்கு ஒரு கவுன்சிலர்.

லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் நம்மவர்கள் காதில் இதையும் போட்டுவைக்கிறேன். அப்பாவின் சித்தப்பா மகன் நமக்குச் சித்தப்பா. இங்கிலாந்துச் சட்டத்துக்கு அவர் வெளியாள். பதினாறு வயது நிரம்பாத பிள்ளையை அவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கவைத்தால் கவுன்சிலுக்குச் சொல்லியாக வேண்டும். தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப் பிறந்தவர்கள் என்றால் பரவாயில்லை. அந்தச் சிறுமியை அழைத்துவந்த அப்பாவின் அத்தையும் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான்.

இயக்குநருக்குப் பொறுப்பைக் கூட்டிய கையோடு அதிகாரத்தையும் கூட்டினார்களா? எங்கே! 2010க்குப் பிறகு பள்ளிகள் சாரிசாரியாக 'அகாடமி' ஆகி மத்திய அரசோடு நேரடி ஒப்பந்தத்துக்குப் போய்விட்டன. உயர்நிலைப் பள்ளிகளில் பத்துக்கு எட்டு இப்போது அப்படித்தான். ஊரில் ஒரு பிள்ளைக்குப் பள்ளி கிடைக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இயக்குநர். பள்ளியின் சாவியோ வேறொருவர் இடுப்பில். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு, விண்ணப்பித்த 20 வாரத்துக்குள் திட்ட அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவில் விழுந்த பள்ளத்தைக் கவுன்சிலின் பிரதானக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைக்க 2020இல் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தார்கள். அது 2028 மார்ச் வரை நீண்டிருக்கிறது. ஆளும் தற்காலிகம், கணக்கும் தற்காலிகம்!

தப்பு நடந்தால் தலை உருள்வது மட்டும் நிரந்தரம். 2008 டிசம்பரில் ஓர் இயக்குநரின் நீக்கம் தொலைக்காட்சி நேரலையில் அறிவிக்கப்பட்டது. தன் தரப்பைச் சொல்ல அவருக்கு நியாயமான வாய்ப்பு தரவில்லை என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த நேரலையைப் பார்த்த துணை இயக்குநர்கள் யாருக்கும் அதற்குப் பிறகு மேலே ஏறும் ஆசை பழையபடி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆய்வுக் குழு ஒரு கவுன்சிலின் குழந்தைகள் சேவையைப் 'போதாது' என்று மதிப்பிட்டுவிட்டால் இயக்குநர் பெட்டியைக் கட்டுவதும், அந்த இடத்துக்கு இன்டரிம் ஒருவர் வருவதும் பழகிப்போன காட்சி. வந்தவர் முதலில் துறையின் வரைபடத்தை மாற்றி வரைவார். மேலாளர்கள் பழைய வேலைக்கே மறுபடி விண்ணப்பம் போடுவார்கள். புது வரைபடம் எல்லாருக்கும் பிடிபடுவதற்குள் அவருடைய ஒப்பந்தம் முடிந்திருக்கும். புது ஆள் வந்தால்தான் பழைய அழுக்கு போகும் என்று வாதிடுபவர்களும் உண்டு. இருக்கட்டும். அந்த நேர்காணல் மேசைப் பிள்ளையிடம் போய் அதைச் சொல்லட்டும்.

இத்தனைக்கும் நடுவே எனக்குப் பிடித்துப்போன பதவி வேறு. 'வெர்ச்சுவல் ஸ்கூல் ஹெட்'. கட்டடமில்லாத, மணி அடிக்காத பள்ளிக்கு ஒரு தலைமை ஆசிரியர். கவுன்சிலின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தாலும் இவருடைய பதிவேட்டிலும் இருப்பார்கள். இங்கிலாந்து முழுக்க அப்படி வளரும் பிள்ளைகள் 80,000க்கு மேல். 2014 சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் இப்படி ஒருவரை வைத்தாக வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 2,500 பவுண்டுக்கு மேல் வரும் சிறப்புத் தொகை இவர் கையில். டியூஷனா, கிடாரா, மடிக்கணினியா என்று பருவந்தோறும் ஆசிரியரும் சமூகப் பணியாளரும் வளர்ப்புப் பெற்றோரும் கூடிப் பேசுவார்கள். படிவத்தில் பிள்ளை தன் கையால் நிரப்ப ஓர் இடம் உண்டு. கணக்குப் பிடிக்கல என்றோ, தம்பி படிக்கிற ஸ்கூல்ல சேர்த்துவிடுங்க என்றோ அதில் எழுதலாம்.

இந்தப் பதவிக்கும் அவ்வப்போது விளம்பரம் வருகிறது. சம்பளம் பெரும்பாலும் ஐந்து இலக்கத்திலேயே நின்றுவிடுவதால், இதழாசிரியர் கேட்ட தொடரில் இதற்கு இடமில்லை.