லோரா ரேடியோ: பவரைக் கடைசியா ஏத்துங்க

திருத்தணி சுத்துவட்டாரத்துல கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணி பாய்ச்சுற போர்வெல் மோட்டாரை வீட்டிலிருந்தே கண்காணிக்கிற மாதிரி ஒரு புராஜெக்ட் யோசிக்கிறீங்களா? சிம் கார்டு வேண்டாம், மாசாமாசம் ரீசார்ஜ் வேண்டாம்னு லோரா மாட்யூல் பக்கம்தான் வருவீங்க. நல்ல முடிவு. ஆனா டேட்டா போய்ச் சேரலைன்னா எல்லாரும் முதல்ல செய்யறது, கோடைத் திறந்து டிரான்ஸ்மிட் பவரை ஏத்துறது. உண்மையில கடைசியா தொட வேண்டிய செட்டிங் அது.

முதல்ல பார்க்க வேண்டியது ஃப்ரீக்வென்ஸி. ஆர்டுயினோ எடுத்துக்காட்டுகள்ல 915 மெகாஹெர்ட்ஸ்னு இருக்கும். அது அமெரிக்காவுக்கு. இங்கே 890 முதல் 915 வரை, செல்போன்கள் டவரோட பேசுற இடம். அதன் விளிம்புல போய் உங்க மாட்யூல் கத்தக்கூடாது. 433 மாட்யூல் மலிவா கிடைக்கும். ஆனா 433–434-ல லைசென்ஸ் இல்லாம அனுமதிக்கிறது 10 மில்லிவாட், 10 கிலோஹெர்ட்ஸ் அகலம் மட்டும்தான். லோரா வழக்கமா எடுத்துக்கிறது 125 கிலோஹெர்ட்ஸ்! நமக்கானது 865–867. 2005-லயே 1 வாட் வரை, 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு லைசென்ஸ் விலக்கு கொடுத்துட்டாங்க. 2021-ல அது 868 வரை நீண்டது. மத்திய அரசு விதிங்கறதால நகரி பக்கம், ஆந்திரா எல்லைக்குள்ள வெச்சாலும் இதேதான். 433 மாட்யூல் வாங்கி கோடுல மட்டும் 865-ன்னு மாத்தினா வேலைக்கு ஆகாது. அதோட சர்க்யூட்டும் ஆன்டெனாவும் 433-க்கு டியூன் ஆனது.

அடுத்தது ஸ்ப்ரெட்டிங் ஃபேக்டர், சுருக்கமா எஸ்.எஃப். எண் கூடக் கூட ஒவ்வொரு சிம்பலும் நீளும், மெல்லிய சிக்னலையும் ரிசீவர் பிடிச்சிடும். 7-லிருந்து 12-க்குப் போனா 12.5 டெசிபல் லாபம். பவரை ரெண்டு மடங்காக்கினாலும் கிடைக்கிறது 3 டெசிபல்தான். கணக்கைப் பார்த்தீங்களா?

இலவசமா கிடைக்குமா என்ன? 20 பைட் தகவல் எஸ்.எஃப். 7-ல சுமார் 57 மில்லிசெகண்ட்ல போயிடும். 12-ல 1.3 செகண்ட். ஒரே சேனல்ல 20 மோட்டார்கள் நிமிஷத்துக்கு ஒரு தடவை பேசினா, நிமிஷத்துல 26 செகண்ட் காத்து நிரம்பிடும். தகவல்கள் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். பேட்டரியும் சீக்கிரம் காலியாகும். அதனால 7-ல ஆரம்பிங்க, ரிசீவர் காட்டுற எஸ்.என்.ஆர். மதிப்பைப் பார்த்து ஒவ்வொரு படியா ஏத்துங்க. ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: ஃப்ரீக்வென்ஸி, எஸ்.எஃப்., பேண்ட்வித், சிங்க் வேர்ட் நாலும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்.

ஆனா நடுவுல மலை நின்னா எந்த செட்டிங்கும் பெருசா உதவாது. 3 கிலோமீட்டர் தூரத்துக்கு, நேர்கோட்டைச் சுத்தி நடுவழியில 16 மீட்டர் ஆரத்துக்கு இடம் காலியா இருந்தா நல்லது. தென்னந்தோப்பே அதை மறைச்சிடும். கேட்வேயை மேசை மேல வைக்காம, அனுமதி வாங்கி ஊர் ஓவர்ஹெட் டேங்க் மேல வெச்சுப் பாருங்க. அந்த உயரம் தர்ற லாபத்தை எந்த கோடும் தராது.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் பவர். எஸ்.எக்ஸ். 1276 சிப் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் வரை தரும். ஆனா அந்த உச்சத்துல 1 சதவீத நேரம்தான் அனுப்பணும்னு அதோட டேட்டாஷீட்டே சொல்லுது. எஸ்.எஃப். 12-ல ஒரு தகவல் அனுப்பினா அடுத்ததுக்கு ரெண்டு நிமிஷத்துக்கும் மேல காத்திருக்கணும். சப்ளை கொடுக்கறதுக்கு முன்னாடி ஆன்டெனாவை மாட்டிடுங்க. அது இல்லாம அனுப்பினா சிப்போட பவர் ஆம்ப்ளிஃபையர் போயிடலாம். ஆன்டெனா கைவசம் இல்லையா? 8.7 சென்டிமீட்டர் ஒயர் போதும், 865-க்கு அதுதான் கால் அலைநீளம்.