மதிப்பு என்னும் ஊதியம்

வங்கிக் கிளைகளில் பணி ஓய்வு பெறுவோருக்குப் பிரிவுபசார விழா நடத்துவது நெடுநாளைய வழக்கம். சால்வையும் மாலையும் அணிவித்த பின், உடன் பணியாற்றியோர் ஒவ்வொருவராக எழுந்து பேசுவர். ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்க நள்ளிரவு வரை உடனிருந்தது, கடுங்கோபத்துடன் வந்த வாடிக்கையாளரைப் புன்னகையுடன் அனுப்பி வைத்தது எனப் பலவும் அன்றுதான் வெளிவரும். விழா நாயகரின் முகத்தில் மகிழ்ச்சியோடு சிறு வியப்பும் தென்படுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தம்மைப் பற்றி இவ்வளவு நல்லெண்ணம் இருந்ததை அவர் அன்றுதான் அறிகிறார். மறுநாள் முதல் அவருக்கு அலுவலகம் இல்லை.

இதைச் சம்பிரதாயத்தின் சிறு குறை என்று ஒதுக்கிவிட இயலாது. ஜெர்மானியச் சமூகவியலாளர் யோகானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் வெளியிட்ட கோட்பாடு ஒன்று, உழைப்பவர் பெறும் கைம்மாறு மூன்று வகைப்படும் என்கிறது: ஊதியம், மதிப்பு, பணிப் பாதுகாப்புடன் கூடிய முன்னேற்றம். கொடுக்கும் உழைப்பு மிகுந்தும் பெறும் கைம்மாறு குறைந்தும் இருக்கும் நிலை நீடித்தால், அது உடல்நலத்தைப் பாதிக்கும் என்பது அவர் கருத்து. வணிகவியல் படித்த நமக்கு இது பற்று வரவுக் கணக்காகவே தோன்றுகிறது. லண்டனில் அரசு அலுவலர்கள் 10,308 பேரைக் கொண்டு 1985இல் தொடங்கப்பட்ட ஒயிட்ஹால் இரண்டாம் ஆய்விலும், இத்தகைய சமநிலையின்மைக்கு ஆளானோருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்ப்போரிடம் கண்ட முடிவு என்பதால், நம்மைப் போன்றோர் அதைச் சற்றுக் கூடுதல் கவனத்துடன் படிக்கிறோம்.

நம் நாட்டில் இதற்கு நல்ல சான்று, இந்த ஆய்வுகளுக்கெல்லாம் நூறாண்டு முற்பட்டது. ஜம்ஷெட்ஜி டாடா நாக்பூரில் நிறுவிய எம்பிரஸ் பஞ்சாலை 1877 ஜனவரி 1 அன்று இயங்கத் தொடங்கியது. விக்டோரியா, இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட நாள் அது. ஆலையின் பெயரும் அதனால் வந்ததே. பருத்தி விளையும் பூமி, அருகில் இரயில் வசதி என எல்லாம் பொருந்தியிருந்தும், தொழிலாளர் ஒழுங்காக வேலைக்கு வராதது பெருஞ்சிக்கலாயிற்று. அக்காலத்து ஆலை முதலாளிகள் கையாண்ட வழி அபராதம். ஜம்ஷெட்ஜி வேறு வழியில் சென்றார். ஆலைக்குள் காற்றோட்டத்துக்கும் தீப்பாதுகாப்புக்கும் வசதிகள் செய்யப்பட்டன. 1886இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தப்பட்டது. 1895 முதல் விபத்துக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. தொழிலாளரின் குடும்பத்தினரும் கலந்துகொள்ளும் விளையாட்டு விழாக்களும் பரிசுகளும் இருந்தன.

இவற்றில் எதையும் அன்றைய சட்டம் கட்டாயமாக்கவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923இல். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல். ஆட்கள் நிலைத்திருக்க வேண்டுமென்ற வணிகக் கணக்கும் இதில் இருந்தது என்று சிலர் கூறலாம். இருந்திருக்கட்டும். முதுமையில் கைக்கு வரும் பணத்தைப் பெற்றவர், கொடுத்தவரின் உள்நோக்கத்தை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. அதன் ஏற்பாடுகள் மட்டும் நாட்டின் சட்டங்களாகிவிட்டன.

நம் வாசகர்களில் சிறுதொழில் நடத்துவோர் பலர். ஐந்து பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர், ‘நம்மால் விழாவெல்லாம் எடுக்க முடியுமா?’ என்று கேட்கக்கூடும். வங்கியில் அமர்ந்து பார்க்கும் நமக்குத் தெரிவது வேறு. மதிப்பு முதலில் தேதியில் வெளிப்படுகிறது. சம்பளம் வரவு வைக்கப்படும் நாள் மாதந்தோறும் தள்ளிப்போனால், வீட்டு வாடகைக்கும் கடன் தவணைக்கும் காத்திருக்கும் ஊழியர் அதை அவமதிப்பாகவே உணர்கிறார். 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் வருங்கால வைப்பு நிதித் தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். செலுத்தப்பட்டதா என்பதை ஊழியர் இன்று உமங் செயலியிலேயே பார்த்துக்கொள்கிறார். ஊதியத்தில் பிடித்த தொகை கணக்கில் ஏறாமல் இருக்க, தீபாவளிக்குத் தரும் இனிப்புப் பெட்டி அவருக்கு எப்படி இனிக்கும்?

பணம் ஒழுங்கான பிறகே பாராட்டுக்கு இடம். அதுவும் குறிப்பாகச் சொல்லப்பட வேண்டும். ‘நன்றாக வேலை செய்கிறீர்கள்’ என்பது எவருக்கும் சொல்லக்கூடியது. ‘நேற்று அந்தக் காசோலையில் இருந்த தேதிப் பிழையை நீங்கள் கண்டுபிடித்தது நல்லதாயிற்று’ என்பது ஒருவருக்கே உரியது; தம் வேலையை யாரோ கவனித்தார் என்பதை அவர் அதில் அறிகிறார்.

இவ்வகையில் பெரும்பாலும் விடுபட்டுப் போவோர் ஒப்பந்த ஊழியர். ஏ.டி.எம். வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலருக்குச் சம்பளம் தருவது ஒரு நிறுவனம். அவரிடம் வேலை பெறுவது மற்றொன்று. நள்ளிரவில் பணம் எடுக்க வந்த முதியவருக்கு அவர் துணை நின்றால், அதைப் பாராட்ட வேண்டியவர் எவர் என்பதே தெளிவாக இல்லை. அந்த முதியவர் மறுநாள் கிளைக்கு வந்து காவலரின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்துச் செல்வதுண்டு. அவ்வாறு வரும் சொல்லை எழுத்தில் வாங்கி ஒப்பந்த நிறுவனத்துக்கு அனுப்பி வைக்கும் மேலாளர்களும் இருக்கிறார்கள். வாடிக்கையாளரின் இரண்டு வரிக் கடிதம் போதும். கிளையில் அதற்கெனத் தனிப் படிவம் ஏதும் தேவையில்லை.