மழை விடும் வரை தக்காளி நாற்றைக் காப்பாற்றுங்கள்!

புரட்டாசியில் ஆசை ஆசையாகத் தக்காளி விதை போடுகிறோம். இருபத்தைந்து, முப்பது நாளில் நாற்று நடத் தயாராகும். சரியாக அந்தச் சமயம் பார்த்து ஐப்பசி அடைமழை பிடித்துக் கொள்ளும். தோட்டமோ ஒரே சேறு. நட்டால் வேர் மூச்சு விட முடியாமல் அழுகும். நடாவிட்டால் நாற்று நோஞ்சானாகும்.

"போனால் போகிறது, மறுபடி விதைத்தால் ஆச்சு" என்று விட்டுவிட முடியாது, சகோதரிகளே! இன்னும் ஒரு மாதம் தள்ளினால் காய்க்கிற நேரத்தில் வெயில் வந்துவிடும். கடும் வெயிலில் தக்காளிப் பூ உதிரும். 2021 நவம்பர் மழையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, ஞாபகமிருக்கிறதா? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வருஷா வருஷம் பத்துச் செடியாவது வைக்கிறேன்.

எங்கள் மாடி வீட்டுப் பெண் ஒருநாள் ஓடி வந்தாள். "அக்கா, நேத்து நல்லா நின்ன நாத்து, காலையில பார்த்தா அடியில துவண்டு விழுந்து கிடக்கு. பூனை மிதிச்சிடுச்சோ?" பூனை இல்லை, அது நாற்றழுகல் நோய். ஈரம் அதிகமாகி, காற்றோட்டம் குறைந்தால் மண்ணிலுள்ள பூஞ்சணம் தண்டின் அடியைத் தின்றுவிடும். விழுந்த நாற்று பிழைக்காது. அதை மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு, மற்றவற்றைத் தள்ளி வையுங்கள். அடுத்த முறை விதைக்கும் முன்பே மண்ணில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து கொள்ளுங்கள். உரக் கடைகளில் கிடைக்கும்.

மழைக் காலத்தில் நான் கடைப்பிடிக்கும் முறைகள் இவை:

நாற்றுகளைச் சாரல் படாத, ஆனால் வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் தாளைக் கூரையாகக் கட்டலாம். பக்கங்களை மட்டும் மூடாதீர்கள். காற்று புக வேண்டும்.

விரலால் தொட்டு, மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுவது நல்லது. அரை மணியில் மீதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தேங்கினால் வேருக்கும் கெடுதல், டெங்குக் கொசுவுக்கும் இடம் கொடுத்ததாகும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

வெளிச்சம் போதாமல் நாற்று ஒல்லியாக நீண்டால் பயப்பட வேண்டாம். அடியில் ஓட்டை போட்ட பால் கவரிலோ, கொட்டாங்கச்சியிலோ மாற்றி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைச் சற்று ஆழமாகப் புதையுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடுவது தக்காளியின் குணம். தினமும் நாலைந்து தடவை உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுத்தால் தண்டு தடிக்கும்.

கீழ் இலை மஞ்சளித்தால் பசி என்று அர்த்தம். ஒரு டீஸ்பூன் மண்புழு உரம் போதும். தாராளமாகப் போட்டால் வெறும் இலையாக வளர்ந்து மேலும் துவளும். மொட்டு வந்தால் தயவு பார்க்காமல் கிள்ளுங்கள். முதலில் வேர் பிடிக்கட்டும்.

மழை விட்டதும் அவசரப்படாதீர்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். களிமண் உருண்டையாக நின்றால் இன்னும் பொறுங்கள். விரல் பட்டு உதிர்ந்தால் நடலாம். அதற்குள் நாற்றுகளை முதல் நாள் ஒரு மணி, அடுத்த நாள் இரண்டு மணி என்று காலை வெயிலுக்குப் பழக்குங்கள். நாலைந்து நாளில் தேறிவிடும். பிறகு மண்ணை மேடாகக் குவித்து, சாயங்காலத்தில் நடுங்கள். மறுபடி மழை வந்தாலும் தண்ணீர் வடிந்துவிடும்.

கார்த்திகையில் இப்படி நட்டால், தை கடைசியில் ரசத்துக்கு வீட்டுத் தக்காளியே பறிக்கலாம்.