சீன தேசத்துச் சாப்பாடு – 7: சூச்சோவின் இனிப்பும் துடியலூர் நாக்கும்

சூச்சோ சமையலில் முதலில் தெரிவது இனிப்பு. பன்றிக்கறியையும் மீனையும் சோயா சாறு, கற்கண்டு, மஞ்சள் மது சேர்த்துச் சிறு தீயில் நெடுநேரம் வேகவிடுகிறார்கள். மிளகாய்க்கு அங்கே வேலை குறைவு. சீனச் சாப்பாடு என்றதும் கோவைக்காரர்களுக்கு நினைவு வருகிற கோபி மஞ்சூரியனும் சில்லி சிக்கனும் இந்தியாவில் பிறந்தவை. சீனாவில் யாருக்கும் தெரியாது. காரமாகச் சாப்பிடுகிற சீனர்கள் சிச்சுவானிலும் ஹுனானிலும் இருக்கிறார்கள். ஆனால் நூற்பு இயந்திரத் தொழிலோடு போகிறவர்களுக்கு வாய்ப்பது கிழக்குச் சீனா. துடியலூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தின் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், 1962-இல் தொடங்கிய நிறுவனம், பிற்காலத்தில் சூச்சோவிலும் ஆலை அமைத்தது. மேட்டுப்பாளையம் சாலைக்கும் ஷாங்காய்க்கு மேற்கே 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தப் பழைய பட்டு நகரத்துக்கும் அப்படி ஏற்பட்டது உறவு.

சூச்சோவில் காலை உணவு என்றால் நூடுல்ஸ். மெல்லிய கோதுமை நூடுல்ஸைச் சீவிவிட்ட தலைமுடி மாதிரி மடித்துக் கிண்ணத்தில் வைத்து, மேலே கறியோ பொரித்த மீனோ விலாங்கோ இறாலோ வைப்பார்கள். சோயா சாறும் சர்க்கரையும் சேர்ந்த சிவப்புச் சாறு ஒரு வகை. அவை சேராத வெள்ளைச் சாறு இன்னொன்று. கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது நிறைய உண்டு: நூடுல்ஸ் விறைப்பாகவா குழைவாகவா, சாறு நிறையவா கொஞ்சமா, பூண்டுத்தாள் தூவலாமா வேண்டாமா, மேற்கறி கிண்ணத்திலேயா தனித்தட்டிலா. அந்த ஊர்க்காரர்கள் இதை மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார்கள். கை காட்டி வாங்குகிற வெளியூர்க்காரருக்குக் கடைக்காரர் விருப்பப்படி வரும். அதுவும் மோசமாக இருக்காது.

நேரமும் முக்கியம். ஒரே அண்டா நீரில் நாள் முழுக்க வேகவைப்பதால், போகப் போக மாவு கரைந்து நீர் கலங்கிவிடுகிறது. அதிகாலையில் தெளிந்த நீரில் வெந்த முதல் ஈடுதான் மேல் என்பது சூச்சோ ரசிகர்களின் கட்சி. எழுத்தாளர் லூ வென்ஃபு 1983-இல் வெளியிட்ட குறுநாவல் ஒன்றின் நாயகன், இந்த முதல் ஈட்டுக்காகவே விடியுமுன் எழுந்து ஓடுகிற சாப்பாட்டு ராமன். கம்யூனிஸ்ட் ஆட்சியின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் ஒரு நாக்கின் வழியாகச் சொன்ன கதை அது.

சைவர்களுக்குச் சிக்கல் கிண்ணத்தின் மேலே இல்லை, அடியில் இருக்கிறது. காளானும் கோதுமைப் பசையத்தில் செய்த துண்டுகளும் மேலே வைத்த நூடுல்ஸ் எங்கும் கிடைக்கும். ஆனால் சாறு பன்றி எலும்பிலும் கோழியிலும் இறங்கியது. வதக்கிய கீரையில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர வாய்ப்புண்டு. ‘கறி வேண்டாம்’ என்றால் கறித்துண்டுகளை மட்டும் தவிர்த்துவிட்டுத் தருவது வழக்கம். ‘நான் பௌத்த சைவம்’ என்று கைப்பேசியில் சீன எழுத்தில் எழுதிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். அதைவிட நல்ல வழி, சூச்சோவின் மேற்குத் தோட்டக் கோயிலான சியுவான் கோயில். அங்கே விற்கும் காளான் நூடுல்ஸ் ஊர் முழுக்கப் பேர் பெற்றது. சீன பௌத்தக் கண்டிப்பின்படி வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. மாட்டிறைச்சி தொடாதவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: சீன முஸ்லிம்களின் லான்சோ நூடுல்ஸ் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. பன்றி அங்கே கிடையாது. சாறு மாட்டு எலும்பில் காய்ச்சியது.

இலையுதிர் காலத்தில் போகிறவர்களுக்கு வாய்ப்பது யாங்செங் ஏரி நண்டு. கொடுக்குகளில் அடர்ந்த மயிர் கொண்ட நன்னீர் நண்டு அது. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் பெண் நண்டும் பத்தாம் மாதத்தில் ஆண் நண்டும் சிறப்பு. முன்னதில் சினை, பின்னதில் கொழுப்பு. மசாலாவே கிடையாது. ஆவியில் வேகவைத்து, இஞ்சி போட்ட காடியில் தொட்டுத் தின்கிறார்கள். சளி பிடித்தால் நண்டு ரசம் வைக்கும் கொங்குச் சமையலறையில் நண்டு சூடு; சீன மருத்துவக் கணக்கில் அதுவே குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியை முறிக்கத்தான் இஞ்சியும், வெதுவெதுப்பாக்கிய மஞ்சள் மதுவும். ஓட்டை உடைத்துச் சதையை எடுக்கச் சுத்தி, கத்தரி, ஊசி என எட்டுக் கருவிகள் கொண்ட பெட்டியைப் பழைய சூச்சோ வீடுகளில் வைத்திருந்தார்கள். கையும் பல்லும் போதும் என்பது இன்றைய நடைமுறை.

ஆலைக்காரர்கள் தரும் விருந்து வேறு உலகம். சுழலும் வட்ட மேசையில் முதலில் ஆறிய பதார்த்தங்கள், பிறகு சூடானவை, கடைசியில் சோறோ நூடுல்ஸோ. நம் பந்தியில் சோற்றைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வரும். அங்கே சோறு வந்தால் விருந்து முடிகிறது என்று பொருள். சோற்றுக்குக் காத்திருந்து வயிற்றைக் காலியாக வைத்திருப்பவர் ஏமாந்து போவார். குறுக்கும் நெடுக்கும் கீறிப் பொரித்து, இனிப்பும் புளிப்புமான குழம்பை ஊற்றிக் கொண்டுவரும் ‘அணில் மீன்’ வரும்போதே எடுத்துக்கொள்வது நல்லது. ஊரிலிருந்து கொண்டுபோகும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் ஓட்டல் அறைக்குத்தான் சரி. சர்க்கரை போட்ட கறியோடு அவை ஒட்டுவதில்லை.

குடி வகையில் இரண்டு உண்டு. பச்சரிசி வகைகளில், பெரும்பாலும் பசையரிசியில், புளிக்கவைத்த மஞ்சள் மதுவில் ஆல்கஹால் சுமார் 15 சதவீதம். வெள்ளைச் சாராயமான பைஜியு பெரும்பாலும் 40-இலிருந்து 53 வரை போகும். அதன் முதன்மைத் தானியம் சோளம்: கொங்கு மானாவாரிக் காட்டில் மாட்டுத் தட்டுக்கும் ஒரு காலத்தில் சோற்றுக்கும் விளைந்த அதே பயிர். குய்சோ மாநிலத்தின் மாவ்தாய்க்கு ஓராண்டு முழுக்கச் சோளத்தை ஒன்பது முறை ஆவியில் வேகவைத்து, ஏழு முறை வடிக்கிறார்கள். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சனுக்குச் சீனப் பிரதமர் சௌ என்லாய் தந்தது அதுதான். ‘கன்பேய்’ என்று எழுந்தால் கோப்பையைக் காலி செய்ய வேண்டும். மூத்தவரின் கோப்பையைவிடத் தன் கோப்பையைச் சற்றுத் தாழ்த்தி முட்டுவது மரியாதை. குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மதுவுக்குப் பதில் தேநீர்க் கோப்பையைத் தூக்குவதும் ஏற்கப்பட்ட முறையே. ஆனால் முதல் சுற்றிலேயே தூக்க வேண்டும். இரண்டு கோப்பை மது குடித்துவிட்டு மூன்றாவதில் தேநீருக்கு மாறினால் விடமாட்டார்கள்.

அந்தத் தேநீரும் பாலில்லாதது, சர்க்கரையில்லாதது. சூச்சோவின் சொந்தத் தேயிலை, தாய் ஏரிக்கரையின் தொங்திங் குன்றுகளில் பழமரங்களுக்கிடையே வளரும் பிலோச்சுன். கொதிநீர் பட்டால் கசந்துவிடும் என்பதால், கண்ணாடிக் குவளையில் சற்று ஆறிய நீரை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகே இலையை மேலே போடுகிறார்கள். சுருண்ட இலை தானாக அடியில் இறங்கும். இலை தீராதவரை திரும்பத் திரும்ப நீர் ஊற்றிக் குடிக்கலாம். ஏப்ரல் தொடக்கத்து சிங்மிங் நாளுக்கு முன் பறித்த தளிருக்கு விலை மிக அதிகம். அதற்குப் பின் பறித்ததில் இலை பெரிது, சுவை சற்று அழுத்தம். நீலகிரித் தேயிலையில் பழகிய நாக்குக்கு அதுவே பொருந்தும், விலையும் குறைவு.