கல்லகழ்வும் கிணற்று நீரும்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. அளவெட்டிப் பக்கம் ஓடும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே நீர் காணும். எமது தோட்டங்களைக் காப்பது சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே. அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது.

அதே கல்லை நம்பித்தான் 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. 1990இல் போரினால் ஆலை நின்றது. வலிகாமம் வடக்குக் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. அகழ்ந்த குழிகள் எஞ்சின.

குழி விரிந்தால் என்ன நேரும்? மழைநீரை வடிகட்டும் மண் போர்வை போய்விடும். அழுக்கு நேரே நிலத்தடி நீரில் சேரும். குழியை ஆழமாக்க நீரை இறைத்தால் சுற்றுக் கிணறுகள் தாழும். கடல் மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஓரடி குறைந்தால், கீழிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 அடி உயரலாம் என்பது நீரியல் கணக்கு. நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக நிலத்தடி ஊற்றை இடைவிடாது இறைக்கிறார்கள். அங்கே 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்தின் பேரில், வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலேயே கால்வாய் வெட்டப்பட்டது.

காணிக்குத் திரும்பியோரும் திரும்பக் காத்திருப்போரும் செய்யக்கூடியவை சில:

* மாரிக்கு முன்னும் பின்னும் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து, திகதியுடன் கொப்பியில் எழுதுங்கள்.

* பழைய குழிகளில் குப்பையோ கழிவெண்ணெயோ கொட்ட விடாதீர்கள்.

* பெரிய அகழ்வுத் திட்டம் வந்தால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைக் கேளுங்கள். 1988இன் திருத்தச் சட்டப்படி அது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்நாட்களுக்குள் எழுத்தில் கருத்துக் கொடுங்கள். அப்போது உங்கள் கிணற்றுக் கொப்பியே சாட்சி பேசும்.